மாதவிடாய்த் தேதியையும் சர்க்கரை நோட்டில் எழுதுங்கள்

டைப் 1 நீரிழிவு உள்ள பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு நோட்டும் இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் எவ்வளவு, இரவில் எவ்வளவு, இன்சுலின் எத்தனை யூனிட் என்று பக்கம் பக்கமாக எண்கள். பிள்ளைக்கு மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது என்பது மட்டும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நம் ராமநாதபுரம் கரையோரத்து ஊர்களில் அது அம்மாவும் மகளும் மட்டும் அறிந்த சங்கதி. அப்பா பார்க்கும் நோட்டில் அதை எப்படி எழுதுவது, ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தேதி தெரியாமல் அந்த எண்களைச் சரியாகப் படிக்க முடியாது. ஏன் என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுவதால் வருவது டைப் 1. பிள்ளை மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, தாய் கர்ப்ப காலத்தில் எதையோ சாப்பிட்டதாலும் வந்ததில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன்னால் இந்த நோய் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். ஆகவே சடங்கு, விரதம், காய்ச்சல், மாதவிடாய் எது வந்தாலும் இன்சுலினை ஒரு நாளும் முழுதாக நிறுத்தக் கூடாது. ஆவாரம்பூவும் கஷாயமும் அதற்கு மாற்றாகாது.

பத்து, பதினொரு வயதுவரை ஓரளவு பிடிபட்டிருந்த சர்க்கரை, பிள்ளை வளரத் தொடங்கியதும் கைநழுவிப் போவதைப் பல வீடுகளில் காணலாம். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும் பருவம் அது. அந்த ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். இரவில்தான் அது கூடுதலாகச் சுரக்கிறது என்பதால் விடியற்காலை எண் ஏறி நிற்கும். பூப்பெய்துவதற்கு முன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டோ அதற்குச் சற்றுக் குறைவோ போதும் என்றிருந்த பிள்ளைக்கு, இந்த வயதில் ஒரு யூனிட்டைத் தாண்டிப் போவது இயல்பு. 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு மொத்தம் 50 யூனிட் தேவைப்பட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. பிள்ளை வளர்கிறாள், அவ்வளவுதான். வளர்ச்சி முடிந்ததும் தேவை மறுபடியும் குறையும்.

இந்த வளர்ச்சியோடு மாதச் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு மாதவிடாய் தொடங்கும் நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள்வரை ஒரு சுழற்சி. அதன் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மெல்ல ஏறும். நடுவில் கருமுட்டை வெளிப்படும். முட்டை வெளிப்பட்ட பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரம் ஆட்சி செய்யும். இந்தப் புரோஜெஸ்டிரோன் இருக்கும்போது பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உணவு அதேதான், ஊசி அதேதான், ஆனாலும் சர்க்கரை ஏறும். குறிப்பாக மாதவிடாய்க்கு முந்தைய மூன்று முதல் ஏழு நாட்களில் இது தெரியும். பிறகு புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது, ரத்தப்போக்கு தொடங்குகிறது, அதோடு இன்சுலினுக்குப் பழைய வீரியம் திரும்பிவிடுகிறது.

கச்சான் காற்றை எதிர்த்துப் படகு ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதே படகு, அதே எஞ்சின், அதே தூரம், டீசல் மட்டும் கூடுதலாகச் செலவாகும். காற்று சட்டென்று ஓய்ந்த பிறகும் எஞ்சினை அதே முடுக்கத்தில் விட்டிருந்தால் படகு கரையில் போய் மோதும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இன்சுலின் பற்றாமல் போவதும், தொடங்கிய நாளில் அதே இன்சுலின் அதிகமாகிப் போவதும் இப்படித்தான்.

எல்லாப் பெண்களுக்கும் இது ஒரே மாதிரி நடக்காது. சிலருக்கு ஏற்றமே தெரியாது. சிலருக்கு மாதவிடாய் நாட்களில்தான் ஏறும். ஒரே பிள்ளைக்குக்கூட ஒரு மாதம் ஏறி, மறுமாதம் ஏறாமல் போகலாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் பல சுழற்சிகளில் கருமுட்டையே வெளிப்படாது. முட்டை வெளிப்படாத மாதத்தில் புரோஜெஸ்டிரோனும் ஏறாது, சர்க்கரையும் அந்தக் காரணத்தால் ஏறாது. ஆகவே அக்கா மகளுக்கு இப்படி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படி என்று ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் பிள்ளையின் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவளுடைய நோட்டு மட்டும்தான் சொல்லும்.

நோட்டை எப்படிப் படிப்பது

பாம்பனில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். காலை வெறும் வயிற்றில் அவளுக்கு வழக்கமாக 120 முதல் 150 வரை இருக்கிறது. ஒரு மாதம் 20ஆம் தேதி 185, மறுநாள் 210, அடுத்த நாள் 232, அதற்கடுத்த நாள் 225. வீட்டில் சத்தம் தொடங்கிவிடும். "என்ன தின்றாய்? எங்கே ஒளித்து வைத்துத் தின்றாய்?" 24ஆம் தேதி மாதவிடாய் வருகிறது. அன்று காலை 160. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழுகிறாள், சோதித்தால் 58.

தேதி எழுதாத நோட்டில் இது திருட்டுத் தீனியாகவும் கவனக்குறைவாகவும்தான் தெரியும். 24ஆம் தேதிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு சிறு வட்டம் போட்டிருந்தால் நான்கு நாள் ஏற்றமும் அடுத்து வந்த இறக்கமும் ஒரே கதையாகிவிடும். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் வட்டத்துக்கு முன்னால் அதே ஏற்றம் தெரிந்தால் அது அவளுடைய உடலின் வழக்கம். மூன்று சுழற்சியாவது பாருங்கள். நடுவில் ஒரு மாதம் காய்ச்சலோ கல்யாண வீட்டுச் சாப்பாடோ குறுக்கிட்டிருந்தால் அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பலரும் போன மாதவிடாயிலிருந்து முன்னோக்கி நாள் எண்ணுகிறார்கள். வட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். சுழற்சியின் முதல் பாதிதான் ஒரு மாதம் நீண்டும் ஒரு மாதம் சுருங்கியும் வரும். முட்டை வெளிப்பட்ட பிறகு மாதவிடாய்வரை உள்ள நாட்கள் அவ்வளவு மாறுவதில்லை. அதனால் "மாதவிடாய்க்கு நான்கு நாள் முன்பு" என்ற கணக்கு நிற்கும், "போன மாதவிடாய் முடிந்து இருபது நாள் கழித்து" என்ற கணக்கு நிற்காது.

அப்படியானால் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது? மார்பில் வலி, முகப்பரு, எரிச்சல், இனிப்பின் மேல் திடீர் ஆசை என்று ஒவ்வொருத்திக்கும் ஓர் அடையாளம் இருக்கும். பிள்ளைக்கே அது தெரியும், கேட்டால் சொல்வாள். அதையும் நோட்டில் ஒரு சொல்லாக எழுதச் சொல்லுங்கள். காரணமில்லாமல் இரண்டு நாள் காலை எண் ஏறுவதே சிலருக்கு முன்னறிவிப்பாக அமைந்துவிடும்.

திட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை முழுவதிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது அதுதான். செய்யாத தவறுக்கு மாதம் தவறாமல் திட்டு வாங்கும் பிள்ளை இரண்டில் ஒன்றைச் செய்வாள். சோதிப்பதை நிறுத்துவாள், அல்லது சோதித்துவிட்டு நோட்டில் பொய் எண் எழுதுவாள். அந்தப் பொய் எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் இன்சுலின் அளவை முடிவு செய்வார். எண் எவ்வளவாக இருந்தாலும் "எழுதினாயே, நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதைப் பிறகு பேசலாம்.

வழக்கம் பிடிபட்ட பிறகு நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். பொதுவாக அந்த ஏற்ற நாட்களுக்கு மட்டும் இன்சுலினைச் சிறிதளவு, பத்து சதவீதம் என்ற கணக்கில், கூட்டிப் பார்க்கச் சொல்வார். எந்த ஊசியை, எத்தனை யூனிட், எந்த நாளிலிருந்து என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். காலையும் இரவும் கலவை இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு இது இன்னும் நுட்பமான வேலை. ஏனென்றால் கலவையில் ஒரு யூனிட் கூட்டினால் விரைவாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் சேர்ந்தே கூடும். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தால் 40 யூனிட் சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 100 யூனிட் சிரிஞ்சை மாற்றி எடுத்தால் அளவே தலைகீழாகிவிடும்.

கூட்டிய அளவை ரத்தப்போக்கு தொடங்கிய அன்றே பழைய அளவுக்கு இறக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் மறப்பது இதைத்தான். மருத்துவரிடம் "எப்போது கூட்டுவது" என்று கேட்கும்போதே "எப்போது இறக்குவது" என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்கிய நாளின் இரவு

சர்க்கரை 70க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, எரிச்சல், குழறும் பேச்சு. உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. சரியானதும் இட்லியோ பிஸ்கட்டோ கொஞ்சம் சாப்பிட வேண்டும். லட்டும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். கருப்பட்டியையும் பனங்கற்கண்டையும் வாயில் போட்டால் கரைவதற்குள் நேரம் போய்விடும். பிள்ளை நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

மாதவிடாயின் முதல் இரண்டு மூன்று நாட்களில் இந்தத் தாழ்நிலை வரும் வாய்ப்பு கூடுகிறது. இன்சுலினின் வீரியம் திரும்புவது ஒரு காரணம். வயிற்று வலியிலும் குமட்டலிலும் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வது இன்னொன்று. இன்சுலினைப் போட்டுவிட்டு "சோறு வேண்டாம்" என்று திரும்பிப் படுத்தால் இரவில் ஆபத்து. சாப்பிட முடியுமா என்பதைப் பார்த்துக்கொண்டு, முடியாது என்றால் கஞ்சியோ பாலோ என்ன கொடுப்பது, சாப்பாட்டு இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

மாதவிடாய் வந்த பெண் தனியே படுக்க வேண்டும், அடுப்படிக்குள் வரக் கூடாது, பிரிட்ஜைத் தொடக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. டைப் 1 உள்ள பிள்ளைக்கு அந்த வழக்கம் உயிருக்கு ஆபத்தானது. மாதத்தில் எந்த இரவுகளில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடுமோ அதே இரவுகளில் அவளைத் தனியே விடுகிறோம். இன்சுலின் பிரிட்ஜில், சர்க்கரை டப்பா அடுப்படியில், அவள் திண்ணையில். பெரியவர்களின் நம்பிக்கையோடு நீங்கள் மோத வேண்டியதில்லை. அப்பத்தாவிடம் இப்படிச் சொல்லலாம்: "அப்பத்தா, பிள்ளைக்கு ராத்திரியில் மயக்கம் வரும், நீங்களே பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்." பேத்தியின் உயிர் என்று வந்தால் எந்த அப்பத்தாவும் இறங்கி வருவாள் என்று நான் நம்புகிறேன். பிள்ளை எங்கே படுத்தாலும் கை எட்டும் தூரத்தில் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொடியும் தண்ணீரும் இருக்க வேண்டும், கூப்பிடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். தூங்கும் முன் சோதிக்க வேண்டும். 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே படுக்கட்டும். முதல் இரு இரவுகளில் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துச் சோதித்துப் பாருங்கள். அப்பா கடலுக்குப் போய், அம்மாவும் விடியுமுன் ஏலக்கூடத்துக்குக் கிளம்பும் வீடுகளில் இதை யார் செய்வது என்று முன்னதாகவே பேசி வைக்க வேண்டும். அதற்காகவாவது அப்பாவுக்கும் தேதி தெரிய வேண்டும்.

வலி எதனால் என்று பாருங்கள்

மாதவிடாய் நாளில் வயிற்று வலி என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டைப் 1 உள்ள பிள்ளைக்கு அந்த வலியையும் வாந்தியையும் வேறொன்றும் தரும். இன்சுலின் பற்றாமல் போனால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்கிறது. முதலில் தாகம், அடிக்கடி சிறுநீர், பிறகு வயிற்று வலி, வாந்தி. பிறகு ஆழமாக இழுத்து இழுத்து விடும் மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம். மாதவிடாய்க்கு முந்தைய ஏற்ற நாட்களில் இன்சுலின் பற்றாமல் இருந்து, அதோடு காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ சேர்ந்தால் இது வரும். "அந்த நாள் வலிதான், வெந்தயம் விழுங்கு" என்று படுக்க வைத்துவிட்டால் நேரம் போய்விடும்.

அதனால் வலி என்றதும் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப்பால் சிறுநீரைச் சோதியுங்கள். கீட்டோன் கூடுதலாகக் காட்டினாலோ வாந்தி நிற்கவில்லை என்றாலோ மூச்சு மாறினாலோ உடனே கிளம்புங்கள். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை சீராக இருந்து, வழக்கமான மாதவிடாய் வலிதான் என்றால் மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை உணவுக்குப் பிறகு போடலாம். வெந்நீர் ஒத்தடமும் சுகம் தரும், வயிற்றில் ஊசி போடும் பிள்ளையானால் ஊசி போட்ட இடத்தின் மேல் ஒத்தடம் வேண்டாம், வெப்பம் பட்டால் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் சேரும். இதே போல, தாழ்நிலையில் வரும் எரிச்சலையும் அழுகையையும் "இந்த நாளில் இப்படித்தான் இருப்பாள்" என்று தள்ளிவிடாமல், அப்போதும் சோதித்துப் பாருங்கள்.

சடங்கும் களியும்

பிள்ளை ஆளானதும் தாய்மாமன் வருவார், சீர் வரும், உளுந்தங்களி கிண்டுவார்கள். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் மிதக்க மிதக்க வேளைக்கு ஓர் உருண்டை. இடுப்புக்குப் பலம் என்று அன்போடு ஊட்டுவார்கள், அந்த அன்பை மறுக்கச் சொல்லவில்லை. உளுந்தில் புரதம் நிறைய உண்டு, நல்ல உணவு. சிக்கல் கருப்பட்டியில். பனைமரம் நிறைந்த நம் மாவட்டத்தில் கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியின் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் அதே மாதிரிதான் ஏறும். பதநீரும் அப்படியே. கீழக்கரையிலிருந்து உறவினர் கொண்டுவரும் துதல் என்ற இனிப்பும் அப்படியே. கருப்பட்டியைப் பெயருக்குச் சேர்த்தோ உப்புக் களியாகவோ ஒரு வேளை மட்டும் சிறிய உருண்டையாகக் கொடுக்கலாம். அதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்தால் அவள் உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த நாட்களில் சர்க்கரை ஏறினால் அதற்குக் களியும், பள்ளிக்கூடம் போகாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதும்தான் பெரும்பாலும் காரணம். வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், முற்றத்தைச் சுற்றட்டும். ஊசி நேரம் மட்டும் எந்தச் சடங்குக்காகவும் தள்ளிப் போகக் கூடாது.

முஸ்லிம் வீடுகளில் ரமலானைப் பற்றி ஒரு சொல். நோயாளிக்கும் மாதவிடாய் வந்த பெண்ணுக்கும் நோன்பிலிருந்து மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது. டைப் 1 உள்ள பிள்ளைக்கு நோன்பு பெரும் ஆபத்து என்பதே மருத்துவர்களின் பொதுவான கருத்து. எனக்குக் கவலை தருவது வேறொன்று. வாப்பாவுக்கும் தம்பிக்கும் தெரியக் கூடாது என்ற வெட்கத்தில், மாதவிடாய் நாளில் நோன்பு இருப்பதுபோலவே பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்துவிடும் பெண்கள் உண்டு. இன்சுலின் போடும் பிள்ளை அப்படி இருந்துவிடக் கூடாது. உம்மா அவளுக்கு ஓர் அறையில் வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்துக் கொடுத்தால் போதும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பகுதிகளில் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு எச்சரிக்கை. மணிக்கணக்கில் தண்ணீரில் நின்று மூழ்கி எழுவது கடுமையான உடலுழைப்பு, அதனால் வரும் சர்க்கரை இறக்கம் அன்று இரவுவரை தொடரும். மாதவிடாய் தொடங்கிய முதல் இரண்டு நாட்களில் போகவே வேண்டாம். மற்ற நாட்களில் சோதித்து, சாப்பிட்டு, தண்ணீர் புகாத டப்பாவில் குளுக்கோஸ் பொடியோடு, துணையோடு.

சர்க்கரை உயர்ந்தே இருந்தால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். அரிப்பு, தயிர்போல் வெள்ளைப்படுதல், எரிச்சல். பிள்ளைகள் இதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சில நாள் மருந்தில் குணமாகும். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வளரிளம் பெண்களுக்கு அரசு புதுயுகம் திட்டத்தில் இலவசமாகத் தரும் நாப்கினைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, இந்தக் கரையோர வெயிலில், சர்க்கரையையும் ஏற்றும், சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். வகுப்பாசிரியை ஒருவருக்காவது அவளுக்கு நீரிழிவு இருப்பது தெரிந்திருக்க வேண்டும். நினைத்தபோது கழிப்பறைக்குப் போகவும், வகுப்பிலேயே குளுக்கோஸ் சாப்பிடவும் அவள் யாரிடமும் கெஞ்சக் கூடாது.

வெயில் என்றதும் இன்சுலினைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிடாய்க்கு முன் சில நாள் மட்டும் ஏறி இறங்கினால் அது ஹார்மோன். மாதம் முழுவதும், எல்லா வேளையும் ஏறியே இருந்தால் அளவு போதவில்லை, அல்லது இன்சுலின் கெட்டுவிட்டது. சித்திரை வெயிலில் மின்சாரம் போய் போய் வரும் வீட்டில் இரண்டாவதும் நடக்கும். பிரிட்ஜ் இல்லாதவர்கள் பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறு பானை வைத்து, அதில் பாட்டிலை நீர் படாமல் வைக்கலாம். திறந்த குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அப்போது கையில் காசு குறைந்து, முதலில் கைவைப்பது சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்குவதில்தான். அன்றாடச் சோதனையை விட முடியாது. கூடுதலாகச் சில ஸ்ட்ரிப்தான் மிச்சம் என்றால் மாதம் முழுக்கப் பரவலாகச் செலவழிக்காமல், மாதவிடாய்க்கு முந்தைய ஐந்து நாட்களுக்கும் தொடங்கிய முதல் மூன்று நாட்களுக்கும் என்று ஒதுக்கி வையுங்கள். அந்த எட்டு நாட்கள்தான் அதிகம் பேசும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையிலும் மாதவிடாய்க்கு ஒரு பங்கு உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழே. ஆனால் மாதாமாதம் அதிக ரத்தம் போய், இரும்புச் சத்துக் குறைந்து சோகை வந்திருந்தால், அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரும்புச் சத்து மாத்திரை தொடங்கியதும் சர்க்கரையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே அது இறங்கவும் கூடும். ஆகவே விரலில் குத்திய எண்களும் எச்பிஏ1சியும் ஒத்துப் போகாவிட்டால் பிள்ளை பொய் எழுதினாள் என்று முடிவு கட்டாமல் ஹீமோகுளோபினைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனைந்துபோவதும், ஏழு நாளுக்கு மேல் போவதும் அதிகப்போக்கு.

சர்க்கரை நெடுநாள் உயர்ந்திருந்தால் பூப்பெய்துவது தள்ளிப் போகலாம், சுழற்சியும் ஒழுங்கு தவறலாம். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 நாள் முதல் 45 நாள்வரை ஒரு சுழற்சி நீள்வது இயல்பு. 15 வயதாகியும் வரவில்லை, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுவிட்டது, முகத்தில் முடியும் பருவும் கூடுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை டைப் 1 உள்ள பெண்களிடம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. தைராய்டு கோளாறும் டைப் 1 உள்ளவர்களுக்கு எளிதில் சேர்ந்து வரும், அதுவும் மாதவிடாயைக் குலைக்கும். தைராய்டைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்கக் கேளுங்கள்.

பின்னால் கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா என்று அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். குழந்தை பெற முடியும். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே சர்க்கரையை நன்றாக வைத்துக்கொண்டு, மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தால் ஆரோக்கியமான குழந்தை பிறக்கும். நோயை மறைத்துக் கட்டிக் கொடுப்பதுதான் ஆபத்து. மறைக்க வேண்டியவள் ஊசியை மறைந்து போடுவாள், சில நாள் போடாமலே விடுவாள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். சிவப்பு வட்டங்களை அவளே காட்டட்டும். ஆண் மருத்துவரிடம் பேசக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் காட்டலாம். கேட்க வேண்டியவை நான்கு: ஏறும் நாட்களில் எந்த ஊசியை எவ்வளவு கூட்டுவது, எந்த நாளில் இறக்குவது, சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது, கீட்டோன் எவ்வளவு காட்டினால் உடனே வர வேண்டும். பதில்களை அவள் கையாலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.